வேலிக்கு வெளியே

"இனி ஒரு அடி என்னால முடியாது, குன்வோர். உன் அதிசய மரத்தை இங்கயே வரச் சொல்லு."

தூரே மனைவியிடம் சொல்லிவிட்டுப் பாதையோரத்தில் நின்றுவிட்டார். நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. திங்கட்கிழமை அவருக்கு இதயத்தில் அறுவை சிகிச்சை.

"பொந்துக்குள்ள ஒரு பக்கம் நுழைஞ்சு மறுபக்கம் வந்தா நோய் அங்கயே நின்னுடும். எங்கம்மா குழந்தையில பிழைச்சதே அப்படித்தான்."

"உங்கம்மா கைக்குழந்தை. நான் நடுவுல சிக்கிக்கிட்டேன்னா மரத்தை வெட்டித்தான் எடுக்கணும்."

குன்வோருக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கண்ணும் கலங்கியது. மருத்துவர்கள் பாதி நம்பிக்கைதான் கொடுத்திருந்தார்கள். மீதிப் பாதிக்கு அவள் அம்மா சொன்ன மரத்தைத் தேடி முதல் முறையாக இந்தக் காட்டுக்கு வந்திருந்தாள்.

மே மாத வெயில் ஓக் இலைகளில் வடிந்து, காடு முழுக்கப் பச்சை வெளிச்சமாக நிறைந்திருந்தது. எங்கோ ஒரு குயில் அரைத் தூக்கத்தில் கூவுவது போலக் கூவியது.

"சரி, இங்கயே உட்காரு. நான் போய்ப் பாத்துட்டு வரேன்."

காபி பிளாஸ்க்கையும் ஏலக்காய் பன்னையும் அவர் பக்கத்தில் வைத்துவிட்டு நடந்தாள். சிறிது தூரத்திலேயே பலகை தெரிந்தது: 'ஆயிரம் ஆண்டு ஓக்'. சுற்றிலும் வேலி. வேலியருகே வனக்காவலர் எவால்ட் நின்றிருந்தார்.

"தாண்டக் கூடாதும்மா. பாக்க வர்றவங்க மிதிச்சு மிதிச்சே மண்ணு இறுகிப் போகுது. வேர் மூச்சு விட வேண்டாமா?"

"ஒரே ஒரு தடவை பொந்துக்குள்ள நுழைஞ்சு வரணும். எங்கம்மா குழந்தையில பிழைச்சதே அதுல நுழைஞ்சுதான். திங்கக்கிழமை என் வீட்டுக்காரரோட நெஞ்சைத் திறக்கப் போறாங்க. செருப்பைக் கழட்டிட்டு வரோம். அவரில்லாம எனக்கு யாருமில்லைங்க."

எவால்ட் அவள் முகத்தையே பார்த்தார். பிறகு வேலிக் கதவைத் திறந்தார். "கூட்டிட்டு வாங்க. நானும் வந்து கை கொடுக்கறேன்."

இவ்வளவு சுலபமாக இளகிவிட்டாரே என்று குன்வோருக்கே ஆச்சரியம்.

இருவரும் நடந்து வரும் வழியில் மெல்லிய தூறல் விழுந்து ஓய்ந்தது. திரும்பி வந்து பார்த்தால் பிளாஸ்க் மட்டும் இருந்தது. ஆளைக் காணோம். அவளுக்கு உயிரே போய்விட்டது.

"தூரே!"

"இருக்கேன், இருக்கேன்."

பாதையை விட்டுத் தள்ளி, உச்சி முறிந்து பாசி மண்டிக் கிடந்த ஒரு மரத்துக்குள்ளிருந்து குரல் வந்தது. பின்பக்கப் பிளவு வழியாகத் தூரே தவழ்ந்து வெளியே வந்தார். முகம் தூங்கி எழுந்த குழந்தை முகமாக இருந்தது. தலையெல்லாம் மரத்தூள்.

"மழைக்கு ஒதுங்கினேன், அப்படியே கண்ணசந்துட்டேன். யாரோ தலையைத் தடவிக்கிட்டே இருந்தாங்க. நீதான்னு நினைச்சேன்."

எவால்டின் முகம் வெளிறியது. "எந்தப் பக்கமா உள்ள போனீங்க?"

"அந்தப் பக்கமா, பாதையைப் பாத்த பொந்து வழியா."

"பட்டுப்போன மரத்துக்குள்ளயா போய்ப் படுப்பே?" குன்வோர் அவர் தலையைத் தட்டிவிட ஆரம்பித்தாள். "வா, நிஜ மரம் காத்துக்கிட்டிருக்கு."

எவால்ட் பாதையின் இரு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"யார்கிட்டயும் சொல்லிடாதீங்கம்மா. கூட்டம் மிதிச்சு இது சாகக் கிடந்தப்போ, இதைக் காப்பாத்த பலகையையும் வேலியையும் பிடுங்கிட்டுப் போய் அந்த மரத்துக்கு வச்சதே நான்தான். உங்கம்மா நுழைஞ்சு வந்த மரம் இதுதான்."

தூசி தட்டிக்கொண்டிருந்த குன்வோரின் கை அப்படியே நின்றது. மிச்சத்தை அவள் தட்டவேயில்லை.