எட்டடிச் சுவர்

தண்ணீர்த் தொட்டியின் மேல் ஏறி எட்டிப் பார்த்த தம்பிக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. அண்ணன் வீட்டு மொட்டைமாடியில் நிழல் கறுப்பாக விழுந்திருந்தது.

தன் மாடியின் தெற்கு ஓரத்தில், இரண்டு வீட்டுக்கும் நடுவே, போன வாரம்தான் அவன் அந்த எட்டடிச் சுவரை எழுப்பியிருந்தான். கொளுத்தும் கோடையில் நின்று, நிழல் அந்தப் பக்கம் போகிறதா என்று பார்த்துப் பார்த்துக் கட்டிய சுவர்.

தெரு டிரான்ஸ்ஃபார்மரில் இன்னும் ஒரே ஒரு வீட்டின் சோலார் இணைப்புக்குத்தான் இடம்; அண்ணன் தம்பி இருவருமே மனு போட்டிருந்தார்கள். எந்த மாடியில் வருஷத்துக்கு மின்சாரம் அதிகம் தேறுமோ, அந்த வீட்டுக்கே இணைப்பு. இரண்டு மாடிகளையும் அளந்து முடித்த மின்வாரிய இன்ஜினியர், தம்பியின் மாடியில் உட்கார்ந்து லேப்டாப்பைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"சார், எந்த வெயில நம்பி மனு போட்டாருன்னு அந்தாளக் கேளுங்க!" என்றான் தம்பி, கீழே இறங்கி. சொத்துப் பிரித்த நாளிலிருந்து நேருக்கு நேர் பேச்சில்லை.

சுவருக்கு அப்பாலிருந்து அண்ணனின் குரல் வந்தது. "எனக்கு ஒண்ணும் அவசரமில்லன்னு சொல்லுங்க சார்."

"இருட்டுலயே கெடக்கட்டும்! என் பங்கையும் சேத்து முழுங்கின வாய்தானே!"

"என்னை வேலை செய்ய விடறீங்களா, இல்லையா?" இன்ஜினியர் எரிந்து விழுந்தார்.

தம்பிக்கு ஒன்று மட்டும் உறுத்தியது. கொடித் துணி ஒன்று பறந்து வந்து விழுந்தாலே சண்டைக்கு வரும் அண்ணன், சுவர் எழும்பியபோது வாயைத் திறக்கவில்லை. கொத்தனாருக்குத் தன் ஏணியைக்கூடக் கொடுத்தார். ஆள் பயந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டான்.

இன்ஜினியர் நிமிர்ந்தார். "இந்தச் சுவர் யார் கட்டினது?"

"நான்தான்!"

"இப்ப சூரியன் வடக்கே சாஞ்சிருக்கு. அதான் நிழல் அங்க விழுது. கோடை போனா சூரியன் தெற்கே போயிடும். அப்புறம் மாசக்கணக்கா நிழல் உங்க மாடியிலதான். இணைப்பு அவருக்கு."

தம்பி லேப்டாப்புக்குக் குறுக்கே கையை நீட்டினான். "நாளைக்கே... நாளைக்கே இடிச்சுடறேன் சார்!"

"இன்னைக்கு நிக்கறதத்தான் நான் எழுத முடியும்." லேப்டாப்பை மூடிவிட்டுப் படியிறங்கினார்.

சுவருக்கு அப்பால் ஒரு கனைப்பு. சொத்துப் பிரித்த பிறகு முதன்முறையாக, அண்ணன் அவனிடம் நேராகப் பேசினார்.

"இடிச்சுடாதடா தம்பி, என் பக்கம் வெள்ளையடிச்சா எனக்கு வெளிச்சம் இன்னும் கூடும்!"