மானமுள்ள குடும்பம்

"ஒரே லோரியில செம்பனைக் குலையைத் திருடுன ரெண்டு பேர்ல ஒருத்தன் லாக்கப்புல, இன்னொருத்தன் வீட்டுலயா?" காவல் நிலைய மேசையைத் தட்டினார், தோட்டத்து ஆட்களை வேலை வாங்கிய முன்னாள் மண்டோர் சன்னாசி.

"உட்காருங்க லா, மண்டோரய்யா. கோப்பி குடிங்க," என்று குழைந்தார் சார்ஜன் ஹேமநாதன். "மானமுள்ள குடும்பம். பேரு கெடக்கூடாதேன்னு எச்சரிச்சு அனுப்பிட்டேன்."

"லாக்கப்புல கிடக்குற பேட்ரிக்கோட அம்மா தோட்டத்து ஆபீஸைக் கூட்டிப் பெருக்குறவ. அவளுக்கு மானம் கிடையாதா? ஆள் பார்த்தா சட்டம் பேசுறது?"

"சரிங்கய்யா, பேட்ரிக்கை விட்டுடவா?"

"திருடனை ஏன் விடணும்?" சன்னாசி வாசலைப் பார்த்து அதட்டினார். "டேய் சத்தியசீலா, உள்ள வாடா!"

தலைகுனிந்து வந்தவனைச் சார்ஜன் முன் தள்ளினார்.

"என் மகனையும் அங்கேயே அடை. பேட்ரிக்குக்கு முன்னாடி இவன் வெளிய வந்தா, அன்னைக்குத்தான் எங்க மானம் போகும்."