எந்த சாஸ்தா?

‘இப்போது கேட்கப் போகிறாள்.’ புஷ்பராணி டீச்சருக்குத் தெரிந்துவிட்டது. மேலகரத்தில் எந்த வாடகைப் பேச்சும் கடைசியில் இங்கேதான் வந்து நிற்கும். இதுவும் முறிந்துவிடக் கூடாது.

அடுப்படியிலிருந்து வந்த சொக்கம்மாள் ஆச்சி எதிரே உட்கார்ந்தாள்.

“பங்குனி உத்திரத்துக்கு எந்த சாஸ்தாவுக்குப் போவிய?”

சாதியை நேராகக் கேட்கக் கூச்சப்பட்டு, குலதெய்வக் கோயிலை வைத்துக் கண்டுபிடிக்கிறவர்களின் கேள்வி அது.

“அச்சன்புதூர் பக்கம்.”

“அங்கன எல்லா ஆளும்லா வருவாவ! நீங்க பொங்கல் எங்கன வைப்பிய? கோயிலுக்கு உள்ளயா, வெளியயா?”

இந்தக் கேள்விக்குப் பிறகு புஷ்பராணி ஏழு வீட்டுப் படியிறங்கியிருக்கிறாள்.

“எதுக்கு ஆச்சி?”

“தப்பா எடுக்காதிய டீச்சரம்மா. மவனுக்கு இங்கன மாத்தலாயிட்டு. வீடு லெச்சணமாத்தான் இருக்கு. ஆனா வீட்டுக்காரி என்ன ஆளுன்னு தெரியாம நாங்க எப்படிப் பால் காய்ச்ச? சொல்லிட்டு சாவியக் குடுங்க.”

அப்படி அலைந்த பிறகு கடன் வாங்கிக் கட்டிய வீடு இது. கீழ்ப்பகுதி நாலு மாதமாகப் பூட்டிக் கிடக்கிறது. ‘உள்ளே’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

புஷ்பராணி சாவியைக் கைக்குள் மூடிக்கொண்டாள்.

“அதைச் சொல்ல மாட்டேன் ஆச்சி. சாவியும் தரலை. தண்ணி குடிச்சிட்டுப் போங்க.”