நிழல் இருக்கட்டும்

ஸ்டூடியோவின் ஷட்டரை யாரோ தடதடவென்று தட்டினார்கள்.

"தம்பி, உள்ளே இருக்கியா? தலை போற காரியம்."

ஸ்டூடியோக்காரர் ஷட்டரைப் பாதி தூக்குவதற்குள் கிளை மேனேஜர் குனிந்து உள்ளே நுழைந்துவிட்டார். பின்னாலேயே அவர் ஆபீஸ் கேஷியரம்மா. ஞாயிற்றுக்கிழமை பகல் பதினோரு மணிக்கும் இருவர் முகத்திலும் தூக்கம் மிச்சமிருந்தது.

விஷயம் இதுதான். போன வாரம் பொறுப்பேற்ற புது எம்.டி.யை இன்னும் யாரும் நேரில் பார்க்கவில்லை. அதற்குள் அவரிடமிருந்து உத்தரவு வந்துவிட்டது. ஒவ்வொரு கிளையும் ஞாயிறு காலை ஆறு மணிக்குப் பக்கத்துப் பூங்காவைச் சுத்தம் செய்ய வேண்டும். அதைப் படமெடுத்து மதியம் பன்னிரண்டுக்குள் அவர் போனுக்கே அனுப்ப வேண்டும். படம் வராத கிளையின் மேனேஜருக்கு எங்கேயாவது கண்காணாத இடத்துக்கு மாற்றல்.

மேனேஜர் எல்லா ஊழியர்களையும் வரச் சொன்னார். படமெடுக்க ஸ்டூடியோக்காரரையும் ஏற்பாடு செய்தார். பிறகு, தான் ஒருவர் போகாவிட்டால் என்ன குடி முழுகிவிடும் என்று போர்வையை இழுத்து மூடிக்கொண்டார். கேஷியரம்மாவும் அப்படித்தான் நினைத்தாராம். மீதி ஒன்பது பேரும் அப்படியே.

"அப்ப பார்க்ல ஒரு ஈ காக்கா கூட இல்லியா?"

"ஒருத்தர் இருந்தாரு சார்."

கம்ப்யூட்டர் திரையில் பூங்கா விரிந்தது. இளவெயில், புல்வெளி, நடுவில் தொப்பியும் துடைப்பமுமாக ஒரு பெரியவர். அவர் நிழல் புல்லின்மேல் நீளமாகப் படுத்திருந்தது.

"யாருப்பா இது?"

"உங்க கம்பெனின்னுதான் சொன்னாரு. பேரு கேக்கறதுக்குள்ள பெருக்கப் போயிட்டாரு."

"எங்க கம்பெனியில ஞாயித்துக்கிழமை ஆறு மணிக்கு எழுந்திரிக்கிற ஆளே கிடையாது. என்னையும் சேர்த்துத்தான் சொல்றேன். வாக்கிங் வந்த யாரோ சும்மா சொல்லியிருப்பாரு. நீ எங்க பதினோரு பேரையும் உள்ளே கொண்டு வா."

ஆபீஸில் இருந்தவை அடையாள அட்டைக்கு எடுத்த படங்கள்தான். எல்லாம் கழுத்துக்கு மேலே. உடம்புக்கு எங்கே போவது என்று யோசித்த ஸ்டூடியோக்காரர், போன மாதம் எடுத்த ஒரு கால்பந்து அணியின் படத்தைத் திறந்தார். அதிலும் சரியாகப் பதினோரு பேர்.

ஒவ்வொரு தலையாக மவுஸால் ஓரம் பிடித்து வெட்டினார். ஒரு காது விட்டுப்போனபோது மேனேஜர் பதறினார். கன்ட்ரோலையும் இசட்டையும் சேர்த்து அமுக்கினால் செய்த தப்பு இல்லாமல் போய்விடும் என்று ஸ்டூடியோக்காரர் காட்டியதும், ஆபீஸிலும் இப்படி ஒரு வசதி இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று பெருமூச்சு விட்டார். சட்டையில் இருந்த நம்பர்கள்மேல், பக்கத்தில் இருந்த வெறுந்துணியை எடுத்துத் தேய்க்க, நம்பர்கள் மறைந்தன. ஃப்ளாஷ் வெளிச்சத்தில் வெளுத்திருந்த முகங்களுக்குக் கொஞ்சம் மஞ்சளைக் கூட்டியதும் எல்லோர்மேலும் காலை வெயில் அடித்தது.

"தம்பி, எனக்கு இப்படி முடி மொளைச்ச காலா?" என்றார் கேஷியரம்மா.

"உங்களைக் குப்பைத்தொட்டிக்குப் பின்னாடி நிறுத்திடறேம்மா. கால் தெரியாது."

"இருவது வருஷ சர்வீஸுக்கு இந்த எடந்தானா கெடைச்சுது?"

மேனேஜர் இரண்டடி பின்னால் போய், ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். முகம் சுருங்கியது.

"எல்லாம் சரியா இருக்கு. இந்தத் தொப்பிக்காரர் மட்டுந்தான் ஒட்டவெச்ச மாதிரி தெரியறாரு."

"அவர் ஒருத்தர்தான் சார் நெஜமாவே நின்னவரு."

"அதான்யா பிரச்சினை. அவருக்கு மட்டும் நிழல் இருக்கு. எங்க யாருக்கும் இல்லை. பாக்கறவங்க யாரை நம்புவாங்க?"

பதினோரு பேருக்கும் நிழல் போட்டால் சாயங்காலம் ஆகிவிடும் என்றார் ஸ்டூடியோக்காரர். கடிகாரம் பன்னிரண்டை நெருங்கிக்கொண்டிருந்தது. மேனேஜர் அந்த இடத்தில்தான் தாம் ஒரு மேனேஜர் என்பதைக் காட்டினார்.

"ஆளைத் தூக்கிடு. நிழல் இருக்கட்டும். அது மேல என்னை நிறுத்து."

ஸ்டூடியோக்காரர் தயங்கினார். அந்த மனிதர் முழுசாக ஒன்றரை மணி நேரம் பெருக்கியதைச் சொன்னார். நல்ல பழக்கம், உடம்புக்கு நல்லது என்றார் மேனேஜர். அப்புறம் ஸ்டூடியோக்காரர் பக்கத்துப் புல்லை எடுத்து அந்தப் பெரியவர்மேல் தேய்க்கத் தேய்க்க, முதலில் துடைப்பம் போனது, பிறகு கால், கடைசியில் தொப்பி. அந்த இடத்தில், கால்பந்து வீரரின் உடம்போடு மேனேஜர் கம்பீரமாக வந்து நின்றார்.

"சார், நிழல்ல தொப்பி இருக்கு. உங்க தலையில இல்லியே."

"நிழலை எவன்பா உத்துப் பாக்கப்போறான்? அனுப்பு."

பன்னிரண்டு அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது படம் போனது. கேஷியரம்மா கண்ணை மூடிக் கும்பிட்டார். மேனேஜர் நாற்காலியில் சாய்ந்து, ஓடாத மின்விசிறியைப் பார்த்துச் சிரித்தார்.

போன் அடித்தது. எம்.டி.யே அழைக்கிறார். பாராட்டை மற்றவர்களும் கேட்கட்டும் என்று மேனேஜர் ஸ்பீக்கரைப் போட்டார்.

"படம் பிரமாதம், மேனேஜர்" என்றது ஒரு நிதானமான குரல். ஸ்டூடியோக்காரர் சட்டென்று திரும்பிப் பார்த்தார். காலையில் கேட்ட குரல் அது.

"எல்லாரும் வந்திருக்கீங்க, ரொம்ப சந்தோஷம். உங்க காலடியில தொப்பி போட்ட நிழல் ஒண்ணு விழுந்திருக்கே, அது என்னோடது. நான் எங்கே போனேன்?"