இரண்டாம் மாடி, நீலக் கதவு

"வேணாம் டீச்சர், அந்த வரி இருக்கட்டும்" என்று அந்தப் பெண் மறுபடியும் சொன்னாள்.

டீச்சருக்கு ஆச்சரியம். வகுப்பில் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலே மேசைக்குள் தலையை விட்டுக்கொள்கிறவள். கேள்விக்கு ஒரு வார்த்தைதான் பதில், அதுவும் கெஞ்சினால்தான். இன்று கணினி அறையில் அவர் நாற்காலியை ஒட்டி நின்றுகொண்டு, பிடித்த பிடியை விடமாட்டேன் என்கிறாள்.

பள்ளியின் இணைய இதழை டீச்சர்தான் தனி ஆளாகத் தொடங்கினார். நோட்டில் எழுதினால் நான் ஒருத்திதான் படிப்பேன், இதில் எழுதினால் உலகமே படிக்கும் என்று பிள்ளைகளுக்கு ஆசை காட்டினார். ஆசை நன்றாகவே வேலை செய்தது. பரீட்சையில் அரைப் பக்கத்துக்கு முக்கி முனகுகிறவர்கள் பக்கம் பக்கமாகப் பேய்க்கதை அனுப்பினார்கள். ஒரு கதையில் பேய்க்கே சளி பிடித்திருந்தது. அதையும் போட்டார்.

இவள் மட்டும் எதுவும் தரவில்லை. எந்த ஊரிலிருந்தும் படிக்கலாமா, காசு கட்ட வேண்டுமா என்று ஒரு நாள் கேட்டுவிட்டுப் போனாள். பிறகு ஒரு வாரம் கழித்து இந்தக் கட்டுரையைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

தலைப்பு 'எங்கள் வீடு'. உண்மையைச் சொன்னால் உப்புச் சப்பில்லாத கட்டுரை.

'தம்பி இப்போது தானே பட்டன் போட்டுக்கொள்கிறான். ஒன்றை விட்டுவிட்டு அடுத்ததைப் போடுகிறான். எனக்குக் கண்ணாடி வாங்கிவிட்டார்கள், இப்போது தலைவலி வருவதில்லை. அப்பாவும் இப்போதெல்லாம் சத்தம் போடுவதில்லை. தையல் மெஷினை விற்கவில்லை, துணி போட்டு மூடி வைத்திருக்கிறோம்.'

கதையும் இல்லை, வர்ணனையும் இல்லை. ஆனாலும் எழுதியிருக்கிறாளே. இப்போது தட்டிக்கொடுக்காவிட்டால் இந்த ஜென்மத்தில் பேனாவைத் தொடமாட்டாள் என்று டீச்சருக்குத் தெரியும். எழுத்துப் பிழைகளை மட்டும் திருத்தினார். ஒரு பூ படம் வைத்தார். வெளியிட வேண்டியதுதான் பாக்கி.

கடைசி வரியில்தான் கை நின்றது.

'எங்கள் புது வீடு லாண்டரிக் கடைக்குப் பின்பக்கம், இரண்டாம் மாடி, நீலக் கதவு. காலிங் பெல் வேலை செய்யாது, பலமாகத் தட்ட வேண்டும்.'

மாணவர்களின் முகவரி, போன் நம்பர், புகைப்படம் எதுவும் இதழில் வரக்கூடாது. அது டீச்சரே போட்ட விதி. நல்லவனும் படிப்பான், நாசமாய்ப் போகிறவனும் படிப்பான். பெண் குழந்தையின் வீட்டுக்கு வழி சொல்கிற வரியை எந்த மடையனாவது வெளியிடுவானா?

"வீட்டு அடையாளத்தை இதுல போடக் கூடாதும்மா. அது ஒண்ணு போனா கட்டுரைக்கு ஒரு குறையும் வந்துடாது."

அவள் அசையவில்லை. சரியான கல்லுளிமங்கி. வாசலில், அறையைப் பூட்ட வந்த வாட்ச்மேன் சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டு, உள்ளே வரலாமா வேண்டாமா என்று நின்றார்.

"அப்போ கட்டுரையே வேணாம் டீச்சர். திருப்பிக் குடுத்துடுங்க."

டீச்சருக்குக் கோபம் வந்தது. இத்தனை நாள் காத்திருந்து இவளிடமிருந்து வந்த ஒரே கட்டுரை, அதற்கு இவ்வளவு வீம்பா? திட்டுவதற்காகத்தான் நாற்காலியைத் திருப்பினார்.

பெண் அவரைப் பார்க்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த வரிக்காகத்தான் டீச்சர் மத்ததெல்லாம் எழுதினேன். அம்மாவுக்குப் பழைய வீடுதான் தெரியும்."

டீச்சர் திட்டவில்லை. திரையின் பக்கம் திரும்பி, கட்டுரையை முதலிலிருந்து மறுபடி படித்தார். தம்பி, பட்டன், கண்ணாடி. அப்பா இப்போதெல்லாம் சத்தம் போடுவதில்லை என்ற இடத்துக்கு வந்ததும் அதற்கு மேல் படிக்க முடியவில்லை.

அம்மா எப்போது போனாள், ஏன் போனாள் என்று அவர் கேட்கவில்லை. அப்பா நிஜமாகவே மாறிவிட்டாரா, இல்லை இவள் ஆசைக்கு எழுதினாளா என்றும் கேட்கவில்லை.

ஆனால் வரியை எடுத்தார். வேறு வழியில்லை. எழுத்துகள் ஒவ்வொன்றாகப் பின்னோக்கி மறைவதைப் பெண் பார்த்துக்கொண்டே நின்றாள். கண் நிறைந்துவிட்டது.

"இங்க பாரும்மா. கட்டுரைக்குக் கீழ யார் என்ன கருத்து எழுதினாலும் முதல்ல எனக்குத்தான் வரும். அம்மா எழுதினாங்கன்னா அவங்கதானான்னு நான் பேசிப் பார்க்கறேன். வழியையும் நானே சொல்றேன்."

பெண் புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். நம்பலாமா என்று யோசிப்பது முகத்தில் தெரிந்தது. பெரியவர்கள் சொன்னதையெல்லாம் நம்பிப் பார்த்துவிட்டவள்.

எழுதியவர் என்ற இடத்தில் அவளுடைய பெயரும் வகுப்பும் இருந்தன. டீச்சர் அதையும் அழித்தார்.

"பள்ளிக்கூடத்துல கூப்பிடற பேரு இங்க வேணாம். அம்மா உன்னை வீட்டுல என்னன்னு கூப்பிடுவாங்க?"

அவள் வாட்ச்மேனைத் திரும்பிப் பார்த்தாள். அவர் என்ன நினைத்தாரோ, சாவியைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே போனார். பிறகு அவள் டீச்சரின் காதருகே குனிந்து, ரொம்ப நாளாக யாரும் கூப்பிடாத அந்தப் பெயரைச் சொன்னாள்.

டீச்சர் அதை அப்படியே தட்டச்சு செய்து வெளியிட்டார்.

என்ன பெயர் என்று இங்கே எழுதுவதற்கில்லை. அதைச் சொல்லித் தேடக்கூடியவள் ஒருத்திதான், அவளுக்குத் தெரியும்.