பிரித்துப் பார்க்காத பூ

ஹனிசக்கிள் அக்கா படிப்பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டுக் காகித உறையைத் திறந்தாள்.

உள்ளே ஒரே ஒரு பூ. பதினெட்டு வருடமாகக் காய்ந்து, தேயிலைத் தூள் நிறத்தில் கிடந்தது.

சாப்பாட்டு நேரம். செடிகளை அழுத்தி உலர்த்தித் தாளில் ஒட்டி, அலமாரி அலமாரியாக அடுக்கி வைத்திருக்கும் அந்தக் காப்பகத்தில், மாடியில் அவளைத் தவிர யாருமில்லை. எல்லோரும் கீழே புதுசைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். சிரிப்புச் சத்தம் படியேறி வந்தது.

புதுசு என்றால் வேலைக்கு வந்து மூன்று வருடமான புதுசு. பட்டப்பெயர் மட்டும் அப்படியே ஒட்டிக்கொண்டது. வாசல் காவலாளியிலிருந்து தலைவர் வரைக்கும் அவள் செல்லம். எந்தப் புதரின் கிளையை நீட்டினாலும் பூவை லென்ஸில் ஒரு தரம் பார்ப்பாள், பட்டென்று பெயரைச் சொல்வாள். அது சரியாகவும் இருந்து தொலைக்கும்.

காப்பகத்தில் ஒரு வழக்கம் உண்டு. தாளில் ஒட்டிய பெயர்ச்சீட்டு தப்பென்று தெரிந்தால் அதைக் கிழிக்க மாட்டார்கள். சரியான பெயரையும் திருத்தியவர் பெயரையும் எழுதி, மேலே இன்னொரு சீட்டு ஒட்டுவார்கள். தப்பு செய்தவர் பெயர் கீழே காலத்துக்கும் கிடக்கும், வருகிறவர் போகிறவர் எல்லாம் படிக்கலாம். பதினோரு தாள்களில் அக்காவின் சீட்டுக்கு மேல் புதுசின் சீட்டு உட்கார்ந்திருந்தது. அக்கா எண்ணி வைத்திருந்தாள். யாரும் எண்ணச் சொல்லவில்லை.

இந்தப் பூ ஒன்றுதான் மிச்சம்.

ஒரு மலைச்சரிவிலிருந்து வந்த கிளையில் இருந்தது. அந்தச் சரிவையே பிறகு கல்லுக்காக உடைத்துத் தின்றுவிட்டார்கள், இன்னொரு கிளைக்கு வழியில்லை. இது ஹனிசக்கிள் என்கிற வாசனைப் பூச்செடி, அதுவும் இதுவரை யாரும் பெயர் வைக்காத ஹனிசக்கிள் என்று அக்கா எழுதினாள். அச்சில் வந்தது. அன்றிலிருந்துதான் அவள் ஹனிசக்கிள் அக்கா. அந்தப் பெயரைக் கேட்கும்போதெல்லாம் இன்றைக்கும் முதுகு கொஞ்சம் நிமிரும்.

அவள் செய்யாமல் விட்டது ஒன்றுதான். பூவைப் பிரித்துப் பார்க்கவில்லை.

இத்தனை சின்னப் பூவென்றால் ஹனிசக்கிளா, அதன் பங்காளி வைபர்னமா என்று குழப்பம் வரத்தான் செய்யும். நீரில் ஊறவைத்துப் பிரித்தால் தெரிந்துவிடும். நடுவில் நீளமாக ஒரு தண்டு நின்று, நுனியில் குண்டூசித் தலை போல ஒன்று இருந்தால் ஹனிசக்கிள். தண்டே இல்லாமல் அடியிலேயே குந்தியிருந்தால் வைபர்னம். இருப்பது ஒரே பூ, பிரித்தால் போச்சே என்று வெளித்தோற்றத்தை வைத்தே எழுதிவிட்டாள். அப்படித்தான் எல்லோரிடமும் சொன்னாள். உண்மையில் பிரிக்கப் பயம்.

நேற்று தலைவரிடமிருந்து குறிப்பு வந்தது. அந்தத் தாளையும் பூவையும் நாளை மூன்று மணிக்கு என் அறைக்குக் கொண்டுவரவும். புதுசு பிரித்துப் பார்ப்பார்.

புதுசு! கேட்டு வாங்கியிருப்பாள். பதினோரு சீட்டு போதவில்லை, இதற்கு மேலும் ஒன்று ஒட்டி உட்கார வேண்டும் மகாராணிக்கு.

கை கழுவும் தொட்டிக்கு மேல் பூவை விரல்களுக்கு நடுவே வைத்துக் கசக்கினாள். கசக்கும்போது கண்ணை இறுக மூடிக்கொண்டாள். பார்த்தால் தெரிந்துவிடுமே.

குழாயைத் திறந்துவிட்டாள். வெற்று உறையை முன்பு போலவே மடித்துத் தாளோடு வைத்தாள்.

படியில் தடதடவென்று புதுசு ஏறி வந்தாள்.

"அக்கா, நேத்தே சொல்லணும்னு இருந்தேன். அது வைபர்னம்தான், மேல சீட்டு ஒட்டுன்னு தலைவர் ஒரு மாசமா என் உயிரை எடுக்கறாரு. முடியவே முடியாதுன்னுட்டேன். நான் அந்தப் பூவை ஜன்னல் வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்தேன்க்கா, உள்ள நீளமா நூலாட்டம் தெரியுது. நீங்க சொன்னதுதான் சரி! அவர் கண்ணு முன்னாடியே பிரிச்சுக் காட்டிட்டா வாயை மூடிருவாரு."

அக்கா துண்டை எடுத்து, ஏற்கெனவே துடைத்திருந்த கையை மறுபடியும் துடைத்தாள்.

மூன்று மணிக்குத் தலைவரின் மேஜையில் புதுசு உறையைப் பிரித்தாள். தலைகீழாக உதறினாள். விளக்கை இழுத்து உள்ளே பார்த்தாள். பிறகு நிமிர்ந்து அக்காவைப் பார்த்தாள். அக்கா தாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தப் பார்வை நீண்ட நேரம் தன் மேலேயே நின்றது அக்காவுக்குத் தெரிந்தது. புதுசுக்குப் புரிந்துவிட்டது என்பதும் தெரிந்தது.

"கடைசியா எடுத்துப் பார்த்தது நான்தான் சார்" என்றாள் புதுசு. "திருப்பி வைக்கும்போது விழுந்திருக்கும். என் தப்புதான்."

தலைவர் அவளைக் கால் மணி நேரம் வாங்கு வாங்கென்று வாங்கினார். உலகத்தில் இருந்த ஒரே பூ என்றார். இனி இந்தப் பெயர் சரியென்று எவனும் ஒப்புக்கொள்ள மாட்டான் என்றார். புதுசு தலையைக் குனிந்தபடி நின்றாள். மூக்கு நுனி சிவந்திருந்தது.

அக்கா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது.

ஆனால் புதுசின் குனிந்த தலையைப் பார்க்கப் பார்க்க, இவள் இவ்வளவு நல்லவளாக வேறு இருக்க வேண்டுமா என்று அவளுக்கு அடிவயிறு பற்றிக்கொண்டு எரிந்தது.