அரை நொடி முந்தும் மைக்

சுயம்புலிங்கத்துக்குக் கணீரென்ற குரல். ஆனால் அது எப்போதும் தாளத்துக்கு அரை நொடி பிந்தித்தான் வரும். "லேய் சுயம்பு, நாங்க பாட்ட முடிச்சு பஜ்ஜி திங்கும்போதுதாம்ல நீ சரணத்துக்கே வாரே" என்பான் கீபோர்டு வாசிக்கும் பெனிட்டோ. கல்லூரி ஆண்டு விழாவிலும் பிந்தினால், அதற்குப் பிறகு சுயம்புவுக்கு வயர் சுற்றும் வேலைதான் என்று இசைக்குழு முடிவு செய்திருந்தது.

விழாவுக்கென்று பெனிட்டோ பழைய மைக் ஒன்றை வாங்கி வந்தான். வேறு மைக் கிடையாது. அதுவோ அரை நொடி முந்தியது. பேசுகிறவர் வாயைத் திறக்குமுன்னே ஸ்பீக்கர் சொல்லிவிடும். வரவேற்புரைக்கு வந்த முதல்வர், தாம் சொல்லப்போவதைக் கேட்டுத் தாமே தலையாட்டினார். முதலில் பாட வந்த இரண்டு பேர் மிரண்டுபோய் இறங்கிவிட்டார்கள்.

சுயம்பு ஏறினான். அவன் வழக்கம்போலப் பிந்தினான், மைக் வழக்கம்போல முந்தியது, குரல் தாளத்தின் உச்சந்தலையில் போய் உட்கார்ந்தது. கடைசி வரைக்கும் இறங்கவில்லை. அரங்கமே எழுந்து நின்று விசிலடித்தது.

"மக்கா, இம்மி பிசகலயேல!" பெனிட்டோ கீபோர்டை விட்டு ஓடிவந்து கட்டிக்கொண்டான்.

"ஒன்ஸ்மோர்!" என்று கூட்டம் கத்தியது. அடுத்து எதைப் பாடுவதென்று சுயம்பு இன்னும் யோசிக்கவே இல்லை. அதற்குள் ஸ்பீக்கரில் அவன் குரல் புறப்பட்டுவிட்டது. அவன் அதுவரை கேட்டே இராத பாட்டு. காதைக் கொடுத்துப் பார்த்தான். நன்றாகத்தான் இருந்தது. வாயைத் திறந்தான்.